பந்தைப் பார்க்காதீர்கள், காலைப் பாருங்கள்

(தொலைக்காட்சியில் காட்டப்படும் போட்டிகளின் தரமும் வர்ணனையின் தரமும் பற்றிய அரங்க உரையின் எழுத்து வடிவம்)



பினாங்கு மாநிலத்தில் வளர்ந்து உலகப் புகழ் பெற்ற இரண்டு பேரை முதலில் நினைத்துப் பார்ப்போம். ஒருவர் பூப்பந்து வீரர் டத்தோ லீ சோங் வெய். பேராக் மாநிலத்தின் பாகான் செராயில் 1982-இல் பிறந்து, புக்கிட் மெர்தாஜாமில் வளர்ந்தவர். இன்னொருவர் சுவர்ப்பந்து வீராங்கனை டத்தோ நிகோல் டேவிட். 1983-இல் பினாங்கில் பிறந்தவர். தந்தை வழியில் இந்தியர், தாய் வழியில் சீனர். ஏறக்குறைய ஒரே வயது, ஒரே மாநிலம். இருவரும் ஓய்வு பெற்றதுகூட ஒரே ஆண்டில், 2019-இன் நடுவில்.

லீ சோங் வெய் ஒலிம்பிக் இறுதியாட்டத்தில் மூன்று முறை நின்றார். 2008 பெய்ஜிங், 2012 லண்டன், 2016 ரியோ. மூன்றிலும் வெள்ளிப் பதக்கம். அந்த இரவுகளில் கோப்பிக்கடைத் தொலைக்காட்சிக்கு முன்னால் நிற்க இடம் கிடைக்காது. பந்து வலையில் பட்டால் கடை முழுவதும் "ஐயோ" என்று ஒரே குரலில் கத்தும். பாட்டிமார்கூட எந்த அடி நல்ல அடி, எது வீண் அடி என்று சொல்லிவிடுவார்கள்.

நிகோல் டேவிட் உலக வெற்றியாளர் பட்டத்தை எட்டு முறை வென்றவர். 2006 ஆகஸ்டு தொடங்கி 2015 வரை, இடைவெளியே இல்லாமல் 108 மாதங்கள் உலகத் தரவரிசையில் முதலிடத்தில் இருந்தவர். ஒன்பது ஆண்டுகள்! ஒரு குழந்தை பாலர் பள்ளியில் சேர்ந்து இடைநிலைப் பள்ளிக்குப் போகும் வரை இன்னொருவரால் அந்த இடத்தைத் தொட முடியவில்லை. ஆனால் அவருடைய இறுதியாட்டம் ஒன்றையாவது முதல் புள்ளியிலிருந்து கடைசிப் புள்ளி வரை உட்கார்ந்து பார்த்தவர்கள் நம்மில் எத்தனை பேர்? பெயர் தெரியும், படம் தெரியும், பட்டங்களின் எண்ணிக்கை தெரியும். ஆட்டம் தெரியாது.

இதை ரசிகர்களின் குறை என்று சொல்லிவிட முடியாது. ஓர் ஆட்டம் நன்றாக ஆடப்படுவது ஒன்று. அது நன்றாகக் காட்டப்படுவதும் விளக்கப்படுவதும் வேறொன்று. இரண்டாவது இல்லாவிட்டால் முதலாவது எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும் வெளியே தெரிவதில்லை.

இதைப் புரிந்துகொள்ளக் கொஞ்சம் எதிர்பாராத ஓர் இடத்துக்குப் போய் வரவேண்டும். அது சீட்டாட்ட மேசை. சூதாட்டத்துக்குப் பரிந்து பேசுவதற்காக அல்ல. சூதால் கெட்ட குடும்பங்களை நாம் கண்ணாரக் கண்டிருக்கிறோம். தொலைக்காட்சி என்ற கருவி ஓர் ஆட்டத்தை என்ன செய்யும் என்பதற்கு அதைவிடத் தெளிவான சான்று இல்லை என்பதற்காகவே.

லாஸ் வேகாஸ் நகரில் போக்கர் என்னும் சீட்டாட்டத்தின் உலகத் தொடர் 1970-இல் தொடங்கியது. அந்தப் பத்தாண்டிலேயே தொலைக்காட்சிக் கேமராக்களும் அங்கே போய்விட்டன. ஆனால் பார்ப்பதற்கு என்ன இருந்தது? சிலர் மேசையைச் சுற்றி உட்கார்ந்திருப்பார்கள். ஒருவர் வில்லைகளைத் தள்ளுவார். இன்னொருவர் சீட்டைக் கவிழ்த்துவிடுவார். கையில் என்ன சீட்டு இருந்தது, ஏன் தள்ளினார், ஏன் பின்வாங்கினார் என்று ஒன்றும் தெரியாது. உள்ளே புயல் அடிக்கும். வெளியே திரையில் தூக்கம் வரும்.

இதற்கு வழி கண்டவர் ஹென்றி ஓரன்ஸ்டைன். போலந்தில் பிறந்து, நாஜிகளின் வதைமுகாம்களில் உயிர் தப்பி, அமெரிக்காவுக்குப் போய்ப் பொம்மைத் தொழிலில் பெயர் எடுத்தவர். ஆட்டக்காரரின் மறைந்த சீட்டைப் பார்வையாளருக்கு மட்டும் காட்டும் மேசைக்கு 1995-இல் அவர் காப்புரிமை பெற்றார். 1999-இல் பிரிட்டனின் சேனல் 4, மேசைக்குள் கண்ணாடி பதித்து, அடியில் கேமரா வைத்து ஒரு நிகழ்ச்சியையே நடத்தியது. 2003-இல் கிறிஸ் மணிமேக்கர் என்னும் அமெரிக்கக் கணக்காளர், இணையத்தில் 86 டாலர் கட்டி ஆடிய ஒரு தகுதிப்போட்டி வழியாக உலகத் தொடருக்கு வந்து, 25 லட்சம் டாலர் வென்றார். அந்த ஆண்டு முதன்மைப் போட்டியில் இறங்கியவர்கள் 839 பேர். மூன்றே ஆண்டுகளில், 2006-இல், அந்த எண்ணிக்கை 8,773 ஆனது. ஆட்டத்தின் விதி மாறவில்லை. மறைந்திருந்தது திரையில் தெரிந்தது, அவ்வளவுதான்.

ஆனால் அந்தத் திரை முழு உண்மையையும் காட்டியதா? இல்லை. நாள்கணக்கில் நடந்த ஆட்டத்தை வெட்டிச் சுருக்கிச் சில மணி நேரமாக்கினார்கள். சலிப்பான நேரமும், கைப்பணத்தைக் கரைத்துவிட்டு வெளியேறியவர்களின் முகமும் பெரும்பாலும் வெட்டுப்பட்டன. பார்த்தவர்களுக்கு அது எளிதில் பணம் வரும் வழியாகத் தோன்றியது. காட்டப்படாததும் ஒரு பொய்தான் என்பது அங்கே கற்கவேண்டிய பாடம்.

வர்ணனையிலும் ஒரு பாடம் இருக்கிறது. எல்லாருடைய சீட்டையும் பார்த்துக்கொண்டு, "இவர் ஏன் இப்படி ஆடினார்? முட்டாள்தனம்!" என்று சொல்வது மிகவும் சுலபம். ஆடுபவருக்குத் தெரிந்தது தன் கைச்சீட்டு மட்டும். 2009-ஆம் ஆண்டு உலகத் தொடரில் பில் ஐவி என்ற பெரிய ஆட்டக்காரர், தம் கையில் இருந்த வெற்றிச் சீட்டை வெற்றிச் சீட்டென்று கவனிக்காமலே எறிந்துவிட்டார். மேசையில் இருந்த எவரும் கவனிக்கவில்லை. வீட்டில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்கு மட்டும் தெரிந்தது. அதனால் அவர்கள் ஐவியைவிடச் சிறந்த ஆட்டக்காரர்களா? நல்ல வர்ணனையாளர் ஆடுபவரின் நாற்காலியில் உட்கார்ந்து பேசுவார். மோசமான வர்ணனையாளர் தீர்ப்பைப் படித்துவிட்டு வழக்கை விசாரிப்பார்.

இனி நம் சுவர்ப்பந்துக்கு வருவோம். போக்கரின் சிக்கல், பார்க்க ஒன்றும் இல்லை என்பது. சுவர்ப்பந்தின் சிக்கல் அதற்கு நேர் எதிரானது. பார்க்க நிறைய இருக்கிறது; ஆனால் கண்ணுக்கு எட்டுவதில்லை. நான்கு சுவருக்குள் 9.75 மீட்டர் நீளம், 6.4 மீட்டர் அகலம். பந்தின் குறுக்களவு 4 சென்டிமீட்டர்தான். ஆண்கள் பலமாக அடிக்கும் அடி மணிக்கு 250 கிலோமீட்டரையும் தாண்டும். அந்தச் சின்னக் கறுப்புப் பந்தைப் பழைய தொலைக்காட்சித் திரையில் தேடுவது, இருட்டறையில் எறும்பைத் தேடுவதுபோல. கேமரா பின்பக்கத்தில் உயரத்தில் நிற்கும்போது ஆடுகளத்தின் ஆழம் தட்டையாகிவிடும். ஆட்டக்காரர் மூச்சு வாங்க ஐந்தாறு அடி தூரம் பாய்ந்து எடுத்த பந்து, திரையில் சும்மா கை நீட்டி எடுத்ததுபோல் தெரியும்.

இதைச் சரிசெய்ய அந்த விளையாட்டு பல ஆண்டுகள் போராடியது. நான்கு பக்கமும் கண்ணாடிச் சுவர் வந்தது. அதில் ஆடுவதற்கு வெள்ளைப் பந்து வந்தது. கண்ணாடிக் களத்தை நியூயார்க் கிராண்ட் சென்ட்ரல் ரயில் நிலையத்துக்குள்ளே கொண்டுபோய் வைத்தார்கள். 1996-இல் எகிப்தின் பிரமிடுகளுக்கு எதிரிலேயே நிறுத்தினார்கள். புள்ளி முறையும் மாறியது. முன்பு பந்தைத் தொடங்கி வைப்பவருக்கு மட்டுமே புள்ளி. பத்து நிமிடம் ஆடியும் எண்ணிக்கை நகராமல் நிற்கும். ஒவ்வொரு சுற்று அடிக்கும் ஒரு புள்ளி, 11 புள்ளிக்கு ஓர் ஆட்டம் என்ற முறை, தொழில்முறை ஆண்களுக்கு 2004-இலும் பெண்களுக்கு 2008-இலும் வந்தது.

எல்லாம் வந்தன. ஆனால் காலம் கடந்து வந்தன. 2005-இல் சிங்கப்பூரில் அனைத்துலக ஒலிம்பிக் மன்றம் கூடியபோது சுவர்ப்பந்து கடைசிக் கட்டம் வரை போய், மூன்றில் இரண்டு பங்கு வாக்கு கிடைக்காமல் வெளியே நின்றது. 2009-இல் கோல்ஃபும் எழுவர் ரக்பியும் உள்ளே போயின. 2013-இல் புவெனஸ் ஐரிஸ் நகரில் மல்யுத்தத்துக்கு 49 வாக்கு, பேஸ்பால்-சாஃப்ட்பாலுக்கு 24, சுவர்ப்பந்துக்கு 22. தொலைக்காட்சிக்கு ஏற்ற விளையாட்டா என்ற கேள்வி ஒவ்வொரு முறையும் கூடவே வந்தது. அந்த மேடையில் விளையாட்டுக்காகப் பேசியவர்களில் நிகோலும் ஒருவர். ஒரே ஓர் ஒலிம்பிக் தங்கத்துக்காகத் தம் உலகப் பட்டங்களை எல்லாம் ஈடாகக் கொடுக்கவும் தயார் என்று அவர் வெளிப்படையாகவே சொல்லி வந்தார். அந்த வாய்ப்பு அவருக்குக் கடைசி வரை கிடைக்கவில்லை. மலேசியாவுக்கு இன்றுவரை ஒலிம்பிக் தங்கம் ஒன்றுகூட இல்லை என்பதையும் சேர்த்துப் பார்த்தால், இழப்பு அவருக்கு மட்டும் உரியது அல்ல.

நிகோலின் ஆட்டத்துக்குள் இன்னும் ஒரு சிக்கல் உண்டு. அவர் கைதட்டல் வாங்குவதற்காக ஆடியவர் அல்லர். எதிராளி திகைக்கும் தந்திர அடிகளைவிட, சுவரை ஒட்டி ஆழமாகப் போகும் அடிகளையே பொறுமையாக ஆடினார். அவருடைய பலம் காலில் இருந்தது. களத்தின் நடுவில் கோடுகள் சந்திக்கும் இடத்தை 'டி' என்பார்கள். தாம் அடித்து முடித்த அடுத்த நொடியில் நிகோல் அந்த இடத்தில் இருப்பார். எதிராளி எந்த மூலைக்கு அடித்தாலும் அங்கே போய்ச் சேர்ந்திருப்பார். திரையில் பார்ப்பவருக்கு என்ன தோன்றும்? "பந்து இவர் இருக்கும் இடத்துக்குத்தானே வருகிறது! எதிராளி ஏன் இப்படி நேராக அடிக்கிறார்?" என்றுதான் தோன்றும். பந்து அவரிடம் வரவில்லை. அவர் முன்கூட்டியே அங்கே போய் நின்றிருந்தார். போக்கர் மேசையில் மறைந்திருந்தது சீட்டு. நிகோலின் ஆட்டத்தில் மறைந்திருந்தது அவருடைய கால்.

அதைத் திறந்து காட்டுவதுதான் வர்ணனையாளரின் வேலை. 2014 டிசம்பரில் கெய்ரோவில் நடந்த உலக இறுதியாட்டத்தை எடுத்துக்கொள்வோம். எதிரில் எகிப்தின் ரனீம் எல் வெலிலி. அரங்கம் முழுக்க அவர் பக்கம். மூன்று ஆட்டங்கள் முடிவில் நிகோல் 1-2 எனப் பின்தங்கியிருந்தார். நான்காவதில் 6-10. இன்னும் ஒரு புள்ளி போனால் பட்டம் போயிற்று. அங்கிருந்து நான்கு வெற்றிப்புள்ளிகளையும் தடுத்து, அந்த ஆட்டத்தை 14-12 என்று எடுத்து, ஐந்தாவதை 11-5 என்று முடித்தார். எட்டாவது பட்டம் அதுதான். புள்ளிக்கணக்கை மட்டும் படித்தால் "அதிர்ஷ்டம்" என்று ஒருவர் சொல்லிவிடலாம். விளக்கம் தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருந்தால், யார் 'டி'க்குத் திரும்ப நேரம் எடுக்கிறார், யாருடைய அடி சுவரை விட்டு விலகுகிறது, யார் புள்ளியைச் சீக்கிரம் முடித்துவிடத் துடிக்கிறார் என்று காட்டுவார். அப்போது அதே ஆட்டம் மனவுறுதியின் கதையாக மாறும்.

அதே ஆண்டு மார்ச்சில், 2013-ஆம் ஆண்டுக்குரிய உலகப் போட்டி நம் பினாங்கிலேயே நடந்தது. சொந்த ஊர், சொந்த மக்கள். அரையிறுதியில் 18 வயது நூர் எல் ஷெர்பினியிடம் நிகோல் தோற்றார். தோல்விக்குக் காரணம் தேடும்போது "வயதாகிவிட்டது" என்று ஒரே சொல்லில் முடிப்பது சோம்பல் வர்ணனை. எகிப்துப் பெண்கள் பந்தை முன்சுவரின் அடிமட்டத்தில் சாகடிக்கும் புதிய வேக ஆட்டத்தைக் கொண்டுவந்தார்கள். 2015-இல் பெண்களுக்கான முன்சுவரின் கீழ்ப்பட்டை 19 அங்குலத்திலிருந்து 17 அங்குலமாகத் தாழ்த்தப்பட்டது. இரண்டே அங்குலம்தான். ஆனால் ஓடி எடுப்பவரைவிட அடித்து முடிப்பவருக்கு அது சாதகம். நிகோல் முதலிடத்தை இழந்ததும் அதே 2015-இல்தான். இந்த இரண்டு அங்குலத்தைச் சொல்பவரே வர்ணனையாளர். சொல்லாதவர் வெறும் கூவுபவர்.

உலக அளவில் இந்தக் குறையைப் பெருமளவு தீர்த்தவர்கள் முன்னாள் ஆட்டக்காரர்கள். தொழில்முறைச் சங்கம் தன் சொந்த ஒளிபரப்பைத் தொடங்கிய பிறகு, ஜோய் பாரிங்டன், பால் ஜான்சன் போன்றோர் ஒலிவாங்கிக்கு முன்னால் வந்தார்கள். களத்தில் வியர்வை சிந்தியவர்கள் என்பதால் எங்கே பேசவேண்டும், எங்கே வாயை மூடவேண்டும் என்பது அவர்களுக்குத் தெரியும். எதிராளி குறுக்கே நின்றால் நடுவர் எப்போது புள்ளியைத் திரும்ப ஆடச் சொல்வார், எப்போது புள்ளியையே கொடுத்துவிடுவார் என்ற குழப்பமான விதியைக்கூட மறுபார்வையில் நிறுத்தி விளக்கினார்கள். பார்வையாளரை மதித்த வர்ணனை அது.

நல்ல வர்ணனை தமிழுக்குப் புதிதல்ல. சாத்தான்குளம் அப்துல் ஜப்பார், 2020-இல் மறைந்தவர், அகில இந்திய வானொலியில் கிரிக்கெட்டைத் தமிழில் வர்ணித்து, படமே இல்லாத வானொலியில் மைதானத்தைக் காட்டினார். 2017-இல் தமிழுக்கென்றே தனி விளையாட்டு அலைவரிசை தமிழ்நாட்டில் வந்தபின், கிரிக்கெட்டும் கபடியும் நம் மொழியிலேயே வீட்டுக்கு வந்தன. இரைச்சலும் வெற்று நகைச்சுவையும் அவற்றில் கலந்திருக்கின்றன என்பது உண்மை. ஆனாலும் "பாடிப் போன" வீரரின் காலை எப்படிப் பிடித்தார்கள் என்று தமிழில் கேட்கும்போது, பள்ளிக்கூட மைதானத்தில் ஆடியதெல்லாம் நினைவுக்கு வருகிறதே! அந்த உரிமை சுவர்ப்பந்துக்கு ஏன் கிடைக்கக் கூடாது?

இந்தக் கேள்விக்கு இப்போது ஓர் அவசரம் உண்டு. 2023 அக்டோபரில் மும்பையில் கூடிய ஒலிம்பிக் மன்றம், 2028 லாஸ் ஏஞ்சலஸ் போட்டியில் சுவர்ப்பந்தையும் சேர்க்க ஒப்புக்கொண்டது. நிகோலுக்குக் கிடைக்காத கதவு அடுத்த தலைமுறைக்குத் திறந்திருக்கிறது. அந்தத் தலைமுறையில் முன்னால் நிற்பவர் நம் பக்கத்து மாநிலமான கெடாவின் தமிழ்ப்பெண் சிவசங்கரி சுப்பிரமணியம். 2018 ஆசிய விளையாட்டுப் போட்டியின் இறுதியில் நிகோலை எதிர்த்து ஆடி வெள்ளி வாங்கியவர். 2022-இல் கார் விபத்தில் பலத்த காயம். மீண்டும் நடப்பாரா என்று பலர் கவலைப்பட்டார்கள். அடுத்த ஆண்டே ஹாங்சோவில் ஆசியத் தங்கம் வென்றார். 2024-இல் லண்டன் போட்டியின் பட்டத்தையும் எடுத்தார். அவர் ஒலிம்பிக் களத்தில் இறங்கும் நாள் வந்தால், அன்றைக்கும் நாம் பெயரை மட்டும் தெரிந்துகொண்டு, ஆட்டம் தெரியாமல் உட்கார்ந்திருக்கப் போகிறோமா?

ஒளிபரப்பாளர்களிடம் கேட்கவேண்டியது பெரிய தொகையும் அல்ல, பெரிய அரங்கமும் அல்ல. ஆடிப் பழகிய ஒருவரையும், தமிழ் தெளிவாகப் பேசும் ஒருவரையும் அருகருகே உட்கார வையுங்கள். கண்ணுக்குத் தெரியாததைச் சொல்லட்டும். பந்து ஓடும்போது அமைதியாக இருக்கட்டும். தோற்றவரின் இடத்திலிருந்தும் ஒரு முறை ஆட்டத்தைப் பார்க்கட்டும். இந்த மூன்றும் இருந்தால் போதும்.

நேயர்கள் செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. புக்கிட் டும்பாரில் நிகோல் டேவிட் பெயரில் அனைத்துலகச் சுவர்ப்பந்து மையம் இருக்கிறது. சிறுமியாக அவர் ஆடத் தொடங்கிய இடம் அது. ஒரு மாலை பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போய்க் கண்ணாடிக்குப் பின்னால் சற்று நேரம் நின்று பாருங்கள். திரையில் தட்டையாகத் தெரிந்த களத்தின் உண்மையான ஆழம் அங்கே தெரியும். பிறகு அடுத்த முறை தொலைக்காட்சியில் ஆட்டம் வரும்போது பந்தைத் தேடிக் கண்ணை வலிக்கவைக்க வேண்டாம். அடித்து முடித்தவரின் காலைப் பாருங்கள். அந்தக் கால் எங்கே திரும்பி வருகிறது, எவ்வளவு சீக்கிரம் வருகிறது என்று பாருங்கள். ஒன்பது ஆண்டுகள் உலகம் ஏன் ஒரு பினாங்குப் பெண்ணை வெல்ல முடியாமல் நின்றது என்பது அப்போது புரியும்.